சர்க்கரை உள்ளவருக்குப் பக்கவாதம்: எல்டிஎல் 98 என்றால் கொழுப்பு காரணம் இல்லையா?

கேள்வி சுருக்கமாக இதுதான். அப்பாவுக்கு 61 வயது, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. போன வாரம் காலையில் எழுந்தபோது வாய் கோணியிருந்தது, வலது கை விழுந்துவிட்டது. ஸ்கேனில் மூளை ரத்தக்குழாய் அடைப்பு என்று தெரிந்தது. கொழுப்பு ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 188, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு 285, எச்டிஎல் என்ற நல்ல கொழுப்பு 33, எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 98. பக்கத்துக் கட்டிலில் அதே மாதிரி அடைப்போடு படுத்திருந்தவருக்குச் சர்க்கரை கிடையாது. அவருக்கும் மொத்தம் 188 தான். ட்ரைகிளிசரைடு 110, எச்டிஎல் 48, எல்டிஎல் 118. "கெட்ட கொழுப்பு அப்பாவுக்குத்தானே குறைவாக இருக்கிறது? பிறகு ஏன் இருவருக்கும் அதே கொழுப்பு மாத்திரை? சர்க்கரை இருந்தால் கொழுப்பு அளவு எப்படித்தான் மாறும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு ரிப்போர்ட்டையும் முழுதாக எழுதியது நல்லதாயிற்று. ஆய்வகத்தில் பல வருடம் இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், பதிலில் பாதி இந்த எட்டு எண்களுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் நேரடியான பதில். பக்கவாதம் வந்தவர்களைச் சர்க்கரை உள்ளவர், இல்லாதவர் என்று இரண்டாகப் பிரித்து ரத்தக் கொழுப்பை ஒப்பிட்டால், பளிச்சென்று தெரியும் வேறுபாடு இரண்டே இடத்தில்தான். சர்க்கரை உள்ளவர்களுக்கு ட்ரைகிளிசரைடு கூடுதலாக இருக்கும், எச்டிஎல் குறைவாக இருக்கும். மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்டிஎல்லும் சில ஆய்வுகளில் கூடியிருக்கும், சிலவற்றில் சமமாக இருக்கும், சிலவற்றில் குறைந்தேகூட இருக்கும். அந்தக் குழப்பத்துக்கும் காரணங்கள் உண்டு, பின்னால் வருகிறேன். உங்கள் அப்பாவின் ரிப்போர்ட் இந்த அச்சில் அப்படியே பொருந்துகிறது.

இப்போது ஒரு சின்னக் கழித்தல் கணக்குப் போடுங்கள். மொத்தக் கொலஸ்ட்ராலில் இருந்து எச்டிஎல்லைக் கழியுங்கள். அப்பாவுக்கு 188-இல் 33 போக 155. பக்கத்துக் கட்டில்காரருக்கு 188-இல் 48 போக 140. எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால் என்று இதைச் சொல்வோம். ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து படியக்கூடிய எல்லாத் துகள்களிலும் இருக்கும் கொலஸ்ட்ராலின் கூட்டுத்தொகை இது. எல்டிஎல்லை மட்டும் பார்த்தபோது அப்பா 20 புள்ளி குறைவாக இருந்தார். இந்தக் கணக்கில் 15 புள்ளி கூடுதலாகிவிட்டார். அதே ரத்தம், அதே ரிப்போர்ட்.

அந்த 15 எங்கே ஒளிந்திருந்தது? ட்ரைகிளிசரைடைச் சுமந்து செல்லும் விஎல்டிஎல் என்ற துகள்களிலும், அவை பாதி கரைந்தபின் மிஞ்சும் எச்சங்களிலும். பல ஆய்வகங்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகின்றன. 1972-இல் ஃப்ரீட்வால்டும் அவருடைய சகாக்களும் கொடுத்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: மொத்தத்தில் இருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் எல்டிஎல். அப்பாவுக்கு 285-ஐ ஐந்தால் வகுத்தால் 57. 188-இல் 33-உம் 57-உம் போனால் 98. உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது அப்படியே இந்த எண்தான். ஆக அவருடைய எல்டிஎல்லும் அளந்தது அல்ல, கணக்கிட்டது என்றே தோன்றுகிறது. ட்ரைகிளிசரைடு ஏற ஏற இந்தச் சூத்திரம் எல்டிஎல்லை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். 400-ஐத் தாண்டினால் சூத்திரத்தைப் பயன்படுத்தவே கூடாது. அப்படிப்பட்ட ரத்தத்தைச் சுழற்றி எடுத்தால், தெளிந்த மஞ்சளாக நிற்க வேண்டிய சீரம் பால் ஊற்றியதுபோல் கலங்கி நிற்கும். குழாயை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியாது. கருவி எண்ணைச் சொல்வதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சரி, சர்க்கரை நோயில் ஏன் ட்ரைகிளிசரைடு ஏறுகிறது? இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இன்சுலின் என்றாலே ரத்தச் சர்க்கரையைக் குறைப்பது என்றுதான் நினைக்கிறோம். அதற்கு இன்னொரு பெரிய வேலை உண்டு: உடலில் சேமித்து வைத்த கொழுப்புக்குக் காவல் காப்பது. சாப்பிட்டு முடித்ததும் இன்சுலின் ஏறி, "இப்போது கொழுப்பை வெளியே விடாதே" என்று கொழுப்புத் திசுவுக்குக் கட்டளை போடும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. காவல் தளர்கிறது. கொழுப்பு அமிலங்கள் நேரம் காலம் இல்லாமல் கசிந்து கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் வந்த சரக்கையெல்லாம் ட்ரைகிளிசரைடாக மாற்றி, விஎல்டிஎல் துகள்களில் ஏற்றி மறுபடி ரத்தத்துக்குள் அனுப்புகிறது. அந்தத் துகள்களைக் கரைக்க வேண்டிய நொதியும் இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலில் மந்தமாகிவிடும். உற்பத்தி அதிகம், அப்புறப்படுத்துவது குறைவு. அதனால்தான் 285.

அதோடு நின்றால் பரவாயில்லை. ரத்தத்தில் ஒரு கைமாற்றுப் புரதம் இருக்கிறது. விஎல்டிஎல்லில் உள்ள ட்ரைகிளிசரைடை எல்டிஎல்லுக்கும் எச்டிஎல்லுக்கும் கொடுத்து, பதிலுக்கு அவற்றின் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்ளும். ட்ரைகிளிசரைடு ஏறிய எச்டிஎல் கல்லீரலில் சுருங்கி, சிறுநீரகம் வழியாகச் சீக்கிரம் வெளியேறிவிடுகிறது. அதனால்தான் 33. அப்பாவின் எச்டிஎல் குறைந்ததும் ட்ரைகிளிசரைடு கூடியதும் தனித்தனிக் கோளாறுகள் என்று எண்ண வேண்டாம். இரண்டும் ஒரே கயிற்றின் இரு முனைகள்.

எல்டிஎல்லுக்கும் அதே கதிதான். அதுவும் சுருங்கிச் சின்னதாக, அடர்த்தியாக ஆகிறது. இங்கேதான் "எல்டிஎல் நார்மல்" என்ற சொல் பலரை ஏமாற்றுகிறது. நூறு கிலோ மணலை ஐம்பது கிலோ மூட்டைகளாகக் கட்டினால் இரண்டு மூட்டை. அதையே ஐந்து கிலோ பைகளில் கட்டினால் இருபது பை. தராசில் இரண்டுமே நூறு கிலோதான். ரிப்போர்ட்டில் வரும் எல்டிஎல் என்பது தராசு காட்டும் எடை, அதாவது துகள்களுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலின் எடை. ரத்தக்குழாய்ச் சுவரில் போய் முட்டுவதோ பைகள். சுவருக்குள் எத்தனை துகள் நுழைகிறது என்பதுதான் அடைப்பைத் தீர்மானிக்கிறது. சின்னத் துகள் கல்லீரலின் பிடியில் எளிதில் சிக்காது, ரத்தத்தில் அதிக நேரம் சுற்றும், எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். சர்க்கரை அதிகமாக இருக்கும் ரத்தத்தில் அதன் புரதத்தின்மீது சர்க்கரையும் ஒட்டிக்கொள்ளும். ஆக, 98 என்ற எண்ணுக்குள் இருக்கும் துகள்களின் எண்ணிக்கை, சர்க்கரை இல்லாத ஒருவரின் 98-இல் இருப்பதைவிட அதிகமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

துகள்களை எண்ணவே ஒரு சோதனை இருக்கிறது: அபோ பி. விஎல்டிஎல், அதன் எச்சம், எல்டிஎல் என்று எதை எடுத்தாலும் ஒரு துகளுக்கு ஒரே ஒரு அபோ பி புரதம்தான் இருக்கும். அதை அளந்தால் தலைகளை எண்ணிய மாதிரி. வசதி இருந்தால் அப்பாவுக்கு அதை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மேலே போட்ட கழித்தல் கணக்கே பெருமளவு அந்த வேலையைச் செய்துவிடும். காசு செலவில்லாத கணக்கு, ஆனால் நிறையப் பேர் போடுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இனி, ஆய்வுகள் ஏன் எல்டிஎல் விஷயத்தில் ஒத்துப்போவதில்லை என்பதற்கு வருகிறேன். மூன்று காரணங்களை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

ஒன்று, ரத்தம் எடுத்த நேரம். பக்கவாதம் போன்ற பெரிய அடி விழுந்தால் உடல் கொதித்துப்போகிறது. அடுத்த சில நாட்களில் மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்டிஎல்லும் தற்காலிகமாக இறங்கிவிடும். முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் எடுத்த ரத்தம் ஓரளவு உண்மையான அளவைக் காட்டும்; ஐந்தாம் நாள், ஆறாம் நாள் எடுத்தது குறைத்துக் காட்டலாம். அப்பாவுக்கு எந்த நாளில் எடுத்தார்கள் என்று பாருங்கள். சேர்த்த மறுநாள் காலை எடுத்திருந்தால் 98-ஐ நம்பலாம். வார இறுதியில் எடுத்திருந்தால் அவருடைய வழக்கமான எண் அதைவிடக் கூடுதலாக இருந்திருக்கலாம்.

இரண்டாவது, ஏற்கனவே சாப்பிட்டுவந்த மாத்திரை. சர்க்கரைக்காக வருடக்கணக்கில் மருத்துவரைப் பார்த்துவருபவர்களில் பலர் ஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையை எடுத்துக்கொண்டிருப்பார்கள். சர்க்கரை இல்லாதவர் பெரும்பாலும் பக்கவாதம் வந்த அன்றுதான் முதல்முறையாகக் கொழுப்புச் சோதனையே செய்கிறார். இவர்களை வரிசையில் நிறுத்தி ஒப்பிட்டால், மாத்திரை சாப்பிட்டவரின் எல்டிஎல் குறைவாகத்தான் தெரியும். அதைச் சர்க்கரையின் குணம் என்று எடுத்துக்கொண்டால் தப்பு.

மூன்றாவது, "சர்க்கரை இல்லாதவர்" என்ற பெயரே. பக்கவாத அதிர்ச்சியில் சர்க்கரை இல்லாதவருக்கும் ரத்தச் சர்க்கரை ஏறும். நேர்மாறாக, தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல் வருபவரும் உண்டு. இருவரையும் பிரித்துக்காட்டுவது, ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி. 6.5 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய், 5.7 முதல் 6.4 வரை அதற்கு முந்தைய நிலை. இந்த முந்தைய நிலையிலேயே ட்ரைகிளிசரைடு ஏறவும் எச்டிஎல் இறங்கவும் தொடங்கிவிடும். அதனால் ஹெச்பிஏ1சி பார்க்காமல் பிரித்த இரண்டு குழுக்களுக்கு இடையே வேறுபாடு மங்கித்தான் தெரியும். பக்கத்துக் கட்டில்காரருக்கும் இந்தச் சோதனை செய்தார்களா என்று அவர் வீட்டார் கேட்டுக்கொள்வது நல்லது.

பக்கவாதத்தின் வகையையும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இந்தத் துறையையே ஒரு காலத்தில் குழப்பிய விஷயம் அது. 1995-இல் நாலரை லட்சம் பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில், மொத்தக் கொலஸ்ட்ராலுக்கும் பக்கவாதத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. கொலஸ்ட்ரால் இதயத்துக்குத்தான் எதிரி, மூளைக்கு இல்லை என்றுகூடப் பேச்சு எழுந்தது. ஆனால் விடை அதற்கு முன்பே வந்திருந்தது. அமெரிக்காவில் மூன்றரை லட்சம் ஆண்களைத் தொடர்ந்து கவனித்த எம்ஆர்எஃப்ஐடி ஆய்வு 1989-இல் வகை பிரித்துப் பார்த்தது. கொலஸ்ட்ரால் கூடக் கூட அடைப்பால் வரும் பக்கவாத மரணம் கூடியது. 160-க்குக் கீழே இருந்தவர்களிடம், அதுவும் ரத்த அழுத்தம் கூடியவர்களிடம், மூளைக்குள் ரத்தம் கசிந்து இறப்பது கூடுதலாக இருந்தது. ஒன்று மேலே போக இன்னொன்று கீழே இறங்க, இரண்டையும் கூட்டினால் ஏற்றமோ இறக்கமோ இல்லாத கோடுதான் மிஞ்சும். அடைப்பிலும் எல்லாம் ஒன்றல்ல. கழுத்திலோ மூளையிலோ உள்ள பெரிய ரத்தக்குழாயில் கொழுப்புப் படிந்து அடைப்பது கொலஸ்ட்ராலோடு நெருங்கிய உறவுடையது. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி அங்கிருந்து ரத்தக்கட்டி கிளம்பி வந்து அடைத்தால், கொலஸ்ட்ராலுக்கு அதில் பங்கு குறைவு. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பெரிய குழாய் அடைப்போடு, மூளையின் ஆழத்தில் உள்ள நூல் போன்ற குழாய்கள் அடைபடுவதும் அதிகம். அதில் ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கொழுப்போடு கைகோர்க்கின்றன. 2010-இல் வெளியான ஒரு கூட்டாய்வின் கணக்குப்படி, சர்க்கரை நோய் இருந்தால் அடைப்புப் பக்கவாதத்தின் ஆபத்து ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு. ஆகவே உங்கள் அப்பாவுக்குக் கொழுப்பு காரணம் இல்லையா என்றால், காரணங்களில் ஒன்று, மற்றவற்றோடு சேர்ந்து வேலை செய்தது என்பதே சரியான பதில்.

அப்புறம் மாத்திரை. எல்டிஎல் 98 இருப்பவருக்கும் 118 இருப்பவருக்கும் ஏன் அதே ஸ்டாட்டின்?

சர்க்கரை உள்ளவர்களிடம் கார்ட்ஸ் என்ற ஆய்வு நடந்தது, முடிவு 2004-இல் வந்தது. 2838 பேர், யாருக்கும் அதற்கு முன் மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை, எல்டிஎல்லும் பெரிதாக ஏறியிருக்கவில்லை. தினம் 10 மில்லிகிராம் அடோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் பக்கவாதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, 48 சதவீதம். பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே இரண்டு வருடம் முன்னதாக முடித்துவிட்டார்கள். ஏற்கனவே பக்கவாதம் வந்தவர்களிடம் 2006-இல் ஸ்பார்க்கல் ஆய்வு: 4731 பேர், 80 மில்லிகிராம் அடோர்வாஸ்டாட்டின். ஐந்து வருடத்தில் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் மாத்திரை எடுத்தவர்களில் 11.2 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 13.1. அடுத்து 2020-இல் வெளியான ஒரு ஆய்வு, கொழுப்புப் படிவு இருந்த 2860 பக்கவாத நோயாளிகளில் எல்டிஎல்லை 70-க்குக் கீழே கொண்டுவந்த குழுவையும், 90-க்கும் 110-க்கும் நடுவே வைத்த குழுவையும் ஒப்பிட்டது. இதய, மூளைப் பாதிப்புகள் முதல் குழுவில் 8.5 சதவீதம், இரண்டாவதில் 10.9. கவனியுங்கள், உங்கள் அப்பாவின் 98 அந்த இரண்டாவது குழுவின் எல்லைக்குள் வருகிறது. ரிப்போர்ட்டில் பக்கத்தில் அச்சடித்திருக்கும் "நார்மல்" ஆரோக்கியமான மனிதருக்கானது. பக்கவாதம் வந்தவருக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

ஸ்பார்க்கலில் இன்னொரு எண்ணையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூளைக்குள் ரத்தக் கசிவு மாத்திரை எடுத்தவர்களில் 55 பேருக்கும், எடுக்காதவர்களில் 33 பேருக்கும் வந்தது. அடைப்பு குறைந்த அளவோடு ஒப்பிட்டால் லாபம்தான் அதிகம். ஆனால் முன்பு கசிவு வந்தவரானால் மருத்துவர் கூடுதலாக யோசிப்பார், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது இன்னும் அவசியமாகும்.

"அப்பாவின் பிரச்சினை ட்ரைகிளிசரைடு என்றால் அதற்குத்தானே மருந்து தர வேண்டும்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி, மருத்துவ உலகமும் இதையே கேட்டது. 2010-இல் அக்கார்ட் ஆய்வில், சர்க்கரை உள்ள 5518 பேரிடம் ஸ்டாட்டினோடு, ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபீனோஃபைப்ரேட் என்ற மருந்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் கூடுதல் பலன் இல்லை. 2022-இல் பிராமினென்ட் ஆய்வு. சர்க்கரை, கூடிய ட்ரைகிளிசரைடு, குறைந்த எச்டிஎல், சரியாக உங்கள் அப்பாவைப் போன்ற பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அதே இனத்தைச் சேர்ந்த பெமாஃபைப்ரேட் என்ற மருந்தைக் கொடுத்ததும் ட்ரைகிளிசரைடு கால் பங்குக்கு மேல் இறங்கியது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அபோ பி: அது குறையவே இல்லை, சற்றுக் கூடியிருந்தது. பைக்குள் இருந்த சரக்கு மாறியது, பைகளின் எண்ணிக்கை குறையவில்லை. ஸ்டாட்டின் பைகளையே குறைக்கிறது. ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கிவிடும் ஆபத்து வரும். அப்போது அதற்கென்று மருந்து தேவை. 285-க்கு முதல் வேலை ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது, எடை, மது, தைராய்டு, சிறுநீரகம் இவற்றைக் கவனிப்பது. சர்க்கரை கட்டுக்குள் வரும்போது ட்ரைகிளிசரைடு நன்றாகவே இறங்குவதைப் பல ரிப்போர்ட்டுகளில் பார்த்திருக்கிறேன்.

ஸ்டாட்டின் சர்க்கரையைக் கூட்டுமே என்ற பயம் பக்கத்துக் கட்டில்காரர் வீட்டில் எழலாம். அதில் உண்மை உண்டு. 2010-இல் பதின்மூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், புதிதாகச் சர்க்கரை வருவது 9 சதவீதம் கூடியது. அதை ஆள்கணக்கில் சொன்னால், 255 பேர் நான்கு வருடம் சாப்பிட்டால் ஒருவருக்குக் கூடுதலாக வரும். ஏற்கனவே பக்கவாதம் வந்தவருக்கு அந்த விலை மிகச் சிறியது. அவருக்கு வருடம் ஒருமுறை ஹெச்பிஏ1சி பார்த்தால் போதும்.

இனி அப்பாவுக்குச் செய்ய வேண்டியது. மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் கொடுங்கள். விழுங்க முடியாத நிலை என்றால் வேறு வழியில் கொடுப்பது பற்றி வார்டிலேயே கேளுங்கள். தசைவலி வந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், டோஸையோ மருந்தையோ மாற்ற இடம் இருக்கிறது. தொடங்கி 4 முதல் 12 வாரத்துக்குள் கொழுப்புச் சோதனையை மறுபடி செய்யுங்கள். வழக்கமாக வெறும் வயிறு கட்டாயமில்லை, ஆனால் அவருக்கு ட்ரைகிளிசரைடு கூடுதலாக இருப்பதால் வெறும் வயிற்றில் கொடுப்பதே நல்லது. கொழுப்புப் படிவால் வந்த அடைப்பு என்றால் எல்டிஎல் 70-க்குக் கீழே வர வேண்டும். சர்க்கரையும் சேர்ந்திருப்பதால் 55-க்குக் கீழே கொண்டுபோகச் சொல்லும் வழிகாட்டுதல்களும் உண்டு. எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ராலுக்கு அந்த இலக்கோடு 30-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள், அதாவது 100 அல்லது 85. ஸ்டாட்டின் மட்டும் போதாவிட்டால் எசெட்டிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தைச் சேர்ப்பார்கள். 2015-இல் வந்த இம்ப்ரூவ்-இட் ஆய்வில் அந்தக் கூட்டணியால் கூடுதலாகப் பலன் பெற்றவர்கள் சர்க்கரை உள்ளவர்கள்தான்.

அடுத்த ரிப்போர்ட் வந்ததும் எல்டிஎல்லைத் தேடுவதற்கு முன் அந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள். இப்போது 155. அது எவ்வளவுக்கு வந்திருக்கிறது என்று மருத்துவரிடம் கேட்டுப் பேசுங்கள், டோஸ் போதுமா என்பது அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும்.